கழற்றிப் பார்த்துக் கற்ற மேதை ஜி. டி. நாயுடு

உலகில் பொருள்களைப் பயன்படுத்துவோர் பலர். அவை எவ்வாறு இயங்குகின்றன என்று கேட்போர் சிலர். கேட்டதோடு நில்லாமல், தம் கையாலேயே அவற்றைக் கழற்றிப் பார்த்து, மீண்டும் பூட்டி ஓடச் செய்வோர் மிகச் சிலரே. அந்த மிகச் சிலருள் தலைசிறந்தவராகத் தமிழகத்தில் திகழ்ந்தவர் கோவை ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பை மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டவரின் வரலாற்றைப் பள்ளி மலரில் எழுதுவது பொருந்துமா என்று தோழியர் சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்பதே என் எண்ணம். காரணத்தை அவர் வாழ்க்கையே கூறும்.

பிறப்பும் இளமையும்

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், வேளாண்மைக் குடும்பம் ஒன்றில் கோபாலசாமி நாயுடுவின் மகனாகத் துரைசாமி பிறந்தார். ஏட்டுப் படிப்பில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. பள்ளியை விட்டுத் தோட்ட வேலையில் இறங்கினார். எனினும் எதையும் உற்று நோக்கும் கண்களும், சும்மா இராத கைகளும் அவரிடம் இருந்தன.

ஒரு நாள் லங்காஷயர் என்ற ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் இன்றி, குதிரையும் இன்றித் தானே ஓடும் வண்டியைக் கண்டு இளைஞர் துரைசாமி வியப்பில் ஆழ்ந்தார். அவ்வண்டி வழியில் நின்றுவிட, அதிகாரி மண்ணெண்ணெயும் துணியும் கேட்டு வாங்கி, உறுப்புகளைத் துடைத்து மீண்டும் ஓட்டிச் சென்றார் என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வதுண்டு. வண்டி ஓடியதைப் பார்த்தவர்கள் அன்று பலர் இருந்திருப்பர். ஆனால் அது ஏன் நின்றது, எப்படி மீண்டும் ஓடிற்று என்ற கேள்வியோடு வீடு திரும்பியவர் அவர் ஒருவரே.

முந்நூறு ரூபாய்ப் பள்ளிக்கூடம்

அந்த வண்டியை எப்படியேனும் அடைய வேண்டும் என்ற ஆவல் அவரை உறங்கவிடவில்லை. கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சுமார் மூன்று ஆண்டுகள் உழைத்துச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். பின்னர் அதே அதிகாரியிடமிருந்து முந்நூறு ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஏறி ஊர் சுற்றினாரா? இல்லை. முதல் வேலையாக அதனை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்! கழற்றிய உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மீண்டும் பூட்டினார். பூட்டியபின் வண்டி ஓடிற்று. அன்றே அவர் ஒரு மெக்கானிக் ஆகிவிட்டார் எனலாம்.

தோழியரே, கழற்றுவது எளிது. சிறு குழந்தையும் பொம்மையைக் கழற்றிவிடும். பூட்டுவதில்தான் படிப்பு இருக்கிறது. ஒரு மோட்டார் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் கலக்கின்றன. அக்கலவை சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு, பிஸ்டனால் அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிந்து, பிஸ்டனைத் தள்ளுகிறது. பின்பு புகை வெளியேறுகிறது. இந்நான்கு செயல்களும் முறை தவறாமல் நடந்தால்தான் சக்கரம் சுழலும். ஒரு வால்வு சற்று முன்னதாகத் திறந்தாலும், ஒரு பொறி சற்றுப் பிந்தினாலும் வண்டி இருமும், திணறும், நின்றுவிடும். இதனை விளக்கும் நூல்கள் தமிழில் கிடைக்காத அக்காலத்தில், கையையே நூலாகக் கொண்டு கற்றவர் நாயுடு.

வீழ்ச்சியும் எழுச்சியும்

அதன்பின் திருப்பூரில் பருத்தி அரைக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். முதல் உலகப் போர்க் காலத்தில் செல்வம் பெருகிற்று. பம்பாய்க்குச் சென்று பஞ்சு வாணிபத்தில் ஈடுபட்டு, பெருகிய செல்வத்தை இழந்தார். வேறொருவராயின் மனம் உடைந்து ஊர் திரும்பியிருப்பர். நாயுடுவோ தமக்குத் தெரிந்த எஞ்சினை மீண்டும் நாடினார்.

கோவையில் தொழில் நடத்தி வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்குக் கைகொடுத்தார். அவர் உதவியால் ஒரு பேருந்தை வாங்கி, 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே. ஒரு வண்டி பலவாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற அவரது நிறுவனம் 1933இல் 280 பேருந்துகளை இயக்கிற்று. முந்நூறு ரூபாய் வண்டியைக் கழற்றிய கைகள் இத்தனை வண்டிகளைக் காக்கும் கைகளாயின.

புதியன படைத்தல்

1937இல் து. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் வாயிலாக இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குகளைப் பதிவு செய்யும் எந்திரம் என அவர் ஆக்கிய பொருள்கள் பல. 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்கு அளிக்க முடியும் என்று காட்டினார். 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய்தான்!

அந்தக் கார் நம் சாலைகளில் ஏன் ஓடவில்லை? 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பெருந்தொழில் தொடங்க மத்திய அரசின் உரிமம் தேவைப்பட்டது. நாயுடுவின் காருக்கு அவ்வுரிமம் கிடைக்கவில்லை. எளியோரும் கார் வாங்கலாம் என்ற கனவு பட்டறையிலேயே நின்றுபோயிற்று.

வரிகள் மிகுதி என்று வருந்திய அவர், தாம் ஆக்கிய பொருள்களைப் பலர் முன்னிலையில் தாமே உடைத்ததும் உண்டு. இச்செய்தியைப் படித்தபோது என் மனம் துணுக்குற்றது. அவரது சினம் நியாயமானதாக இருக்கலாம். ஆயினும் உடைந்த கருவியிலிருந்து எவரும் எதையும் கற்க இயலாது. அவற்றை ஏழை மாணவர் சிலரிடம் கொடுத்துக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தால், இன்னும் எத்தனை நாயுடுக்கள் தோன்றியிருப்பர்! பெரியோர் வரலாற்றில் போற்றுவதைப் போற்றி, வருந்துவதற்கு வருந்துவதே முறை.

கல்விப் பணி

நல்ல வேளையாக, அறிவைப் பிறர்க்கு வழங்கும் பணியையும் அவர் செய்தார். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற அவரே காரணமானார். இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே. கல்லூரி இடம் மாறியபின்னும் பீளமேட்டில் அப்பகுதியை மக்கள் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர். செய்முறைப் பயிற்சி மிகுந்தால் நான்கு ஆண்டுப் படிப்பைக் குறைந்த காலத்திலேயே கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை ஏற்கப்படாமையால் பொறுப்பிலிருந்து விலகினார். கல்வியை அவர் வெறுக்கவில்லை என்பதற்கு அவர் எழுப்பிய கல்லூரியே சான்று. கை படாத கல்வியைத்தான் அவர் ஏற்கவில்லை.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த தொழிற் பொருட்காட்சியும், 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகமும் அவர் நினைவைக் காத்து வருகின்றன. 2025இல் அதே சாலையில் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

நம் பகுதியில் அவர் வழி

கார் அருங்காட்சியகங்களில் மட்டுமே பழைய வண்டிகள் வாழ்வதாக எண்ண வேண்டாம். நம் செங்கற்பட்டுக்கும் மோட்டார் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இங்கிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழிச் சாலையில், வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் அந்நிறுவனத்தில் உருவாயின. 1980களின் இறுதியில் அது மூடப்பட்டது. தொழிற்சாலை போயிற்று, கார்கள் சில இன்னும் ஓடுகின்றன.

அவற்றுள் ஒன்று என் பெரியப்பாவிடம் இருக்கிறது. ஞாயிறு பிற்பகல்களில் அவருடைய நண்பர்கள் நால்வர் தத்தம் பழைய வண்டிகளோடு வந்து சேர்வர். அம்பாசடர் ஒன்று, பியட் ஒன்று, ஜீப் ஒன்று என்று வீட்டு வாசலே பட்டறையாகிவிடும். தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி உறுப்புகளைக் கழுவுவர். கழற்றிய போல்ட்டையும் நட்டையும் கழற்றிய வரிசையிலேயே பழைய செய்தித்தாளின் மேல் அடுக்குவர். பூட்டும்போது கடைசியில் எடுத்ததை முதலில் எடுத்தால் போதும், குழப்பம் நேராது. கார்புரேட்டரின் சிறு துளையில் அடைப்பு ஏற்பட்டால் கம்பியால் குத்தக் கூடாது, குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் வீணாகும், காற்றை ஊதியே அகற்ற வேண்டும் என்பதை நான் அங்குதான் அறிந்தேன்.

மாமல்லபுரம் கடற்கரைச் சாலைக்குச் சென்று திரும்பினால் அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவிவிடுவர். உப்புக் காற்று இரும்பை அரிக்கும் வேகம் அவ்வளவு! பாட்டரி முனைகளில் வாசலின் தடவி வைப்பர். கிடைக்காத உதிரிப் பாகத்தைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளுக்குச் செல்பவர், தமக்கு ஒன்று வாங்கும்போது நண்பருக்கும் ஒன்று வாங்கி வருவார். ஒருவர் கற்ற வித்தையை மற்றவர் கேட்டால் மறைப்பதே இல்லை. அவர்களில் எவரும் பொறியியல் படித்தவர் அல்லர். நாயுடு படித்த பள்ளியில் படித்தவர்கள் என்றே அவர்களைச் சொல்வேன்.

பெண்களாகிய நாம்

இதெல்லாம் ஆண்களின் வேலை, பெண் பிள்ளைக்கு ஸ்பேனர் எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுக்கு ஒரு வரலாற்றைக் கூற விரும்புகிறேன். கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மானியர் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1886. ஆனால் அவ்வண்டியில் முதன்முதலாக நெடுந்தொலைவு சென்றவர் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ். 1888இல் தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியால் அடைப்பை நீக்கினார். தேய்ந்துபோன பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். உலகில் கார் பழுது பார்த்த முதல் மனிதர்களுள் ஒரு பெண்மணியும் உண்டு என்பது நமக்குப் பெருமை அல்லவா?

பத்தாம் வகுப்பில் இருக்கும் நாங்கள் விரைவில் எந்தப் பிரிவை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எந்தப் பிரிவில் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்பதே எங்கும் பேச்சாக இருக்கிறது. எந்தப் பிரிவை எடுத்தாலும் என் கை சும்மா இருக்கக் கூடாது என்று நான் முடிவு செய்துள்ளேன். நாயுடு மூன்றாம் வகுப்போடு நின்றார் என்பதற்காக நாமும் படிப்பை விடலாகாது. அவருக்குக் கிடைக்காத நூலகமும், ஆய்வுக்கூடமும், பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியைகளும் நமக்குக் கிடைத்துள்ளனர். அவருக்கு இருந்த ஆவலும் நம்மிடம் இருந்தால் குறை ஏது?

அன்புப் பெற்றோரே, வீட்டில் மின்விசிறி நின்றாலும், தையல் எந்திரம் பழுதானாலும், மின் இணைப்பை நீக்கிவிட்டு, உங்கள் மகளை அருகில் அமர்த்திக் காட்டுங்கள். தோழியரே, சரியாகப் பூட்டத் தெரிந்துகொண்டபின் அதை அடுத்தவளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஜி. டி. நாயுடு என்னும் அந்த மாமேதைக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவே.

— பத்தாம் வகுப்பு ஆ பிரிவு மாணவி