கதவு என்ன நிறம்?

விடைத்தாள் திருத்துறது எந்தப் பேராசிரியருக்கும் கடுப்பான வேலைதான். (நம்ம பேப்பர் கிடைக்கிறவங்க நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க!) ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் நடத்திய ஜே.ஆர்.ஆர். டோல்கீனும், குடும்பச் செலவுக்காக விடுமுறையில் பள்ளி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். யாரோ ஒரு மாணவன் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். அதில், வளைக்குள் வாழும் ஹாபிட் ஒருவனைப் பற்றி ஒரு வரி கிறுக்கினார். ஹாபிட்னா என்னன்னு அப்போ அவருக்கே தெரியாது!

அந்த வரி கதையாக வளர்ந்தது. ராத்திரியில் பிள்ளைகளுக்குச் சொல்வார். மூன்றாவது மகன் கிறிஸ்டோபர் சும்மா கேட்க மாட்டான். பில்போ வீட்டுக் கதவு போன தடவை நீலம், இப்போ எப்படிப் பச்சை ஆச்சு? தோரின் தொப்பிக் குஞ்சம் தங்கமா, வெள்ளியா? அப்பா சலித்துக்கொண்டே எழுந்துபோய்க் குறித்துவைப்பார். 1937-ல் 'தி ஹாபிட்' வெளியானது.

பையன் பிடித்தது சின்ன விஷயம் இல்லை. 1939-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி டோல்கீன் பேசியதன் சாரமே அதுதான். படிக்கிறவர் நம்புற மாதிரி நடிப்பதில்லை. அந்த உலகத்தின் விதிகள் பிசகாத வரை நிஜமாகவே உள்ளே இருக்கிறார். ஒரு இடத்தில் சந்தேகம் வந்தால் போச்சு, வெளியே வந்து விழுவார். பச்சைச் சூரியன்னு யாரும் சொல்லிடலாம். அது நம்பும்படியாக உதிக்கிற உலகத்தைக் கட்டுவதுதான் கஷ்டம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதும்போது, எந்த ராத்திரி நிலா எந்தப் பிறையில் இருக்கும்னுகூட கணக்குப் போட்டார் மனுஷன்.

இதெல்லாம் நிஜத்திலிருந்து தப்பி ஓடுவது என்று சிலர் சொன்னார்கள். அவரிடம் போய் அதைச் சொல்வதா? நாலு வயதில் அப்பா போனார், பன்னிரண்டு வயதில் அம்மா. 1916-ல் சோம் போர்க்களம். உயிருக்குயிரான பள்ளி நண்பர்கள் நாலு பேரில், இவரையும் சேர்த்து, இருவர்தான் மிஞ்சினார்கள். பேன் பரப்பும் காய்ச்சல் வந்ததால் இவர் ஊர் திரும்பினார். சிகிச்சையில் இருந்த அந்த மாதங்களில்தான் கோண்டோலின் என்ற மறைநகரம் வீழ்ந்த கதையை எழுதத் தொடங்கினார். கைதி சிறைக்கு வெளியே உள்ளதை நினைத்தால் குற்றமா என்பதே அவர் வாதம். எனக்கென்னவோ அவர் பக்கம்தான் நியாயம்னு படுது.

1973-ல் அவர் இறந்தபோது மீதி இருந்தது பெட்டி பெட்டியாகக் கையெழுத்துத் தாள்கள். அவற்றைப் பிரித்து அடுக்கிப் பதிப்பிக்கவே கிறிஸ்டோபரின் பாதி ஆயுள் போனது. கோண்டோலின் கதை தனிப் புத்தகமாக வந்தது 2018-ல். கதவு நிறத்தைக் கேட்ட பையனுக்கு அப்போ வயசு 93.