அட்டவணையும் அருணாசலமும்

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை அறியாதார் முகத்துவாரத்தில் இல்லை. பொன்னம்பல முதலியார் அமைத்த அக்கோயிலைக் கருங்கல் திருப்பணியாகப் புதுக்கியவர் அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். இளைய மைந்தராகிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களது பெரும்பணி ஒன்றோ கண்ணுக்குத் தெரியும்படி நிற்பதன்று. அது அரசாங்க நூல்நிலையங்களிலே, தடித்த சில நூல்களில், நிரல் நிரலாக எண்கள் அடங்கிய அட்டவணைகளாக உறங்குகின்றது. அப்பெருமகனாரின் அரசியல் வாழ்வைப் பலரும் பேசியிருப்பதால், அதிகம் பேசப்படாத இப்பகுதியையே நாம் இங்கு விரித்துரைக்க எண்ணினோம்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி கொழும்பிற் பிறந்த அருணாசலம், பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிற் கற்று, உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்றபின், 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் ஆனார். பல ஊர்களில் நீதிபதியாக இருந்த காலத்தைத் தாண்டி, அவர் பதிவாளர் நாயகமாக அமர்ந்த காலத்துக்கு வருவோம்.

பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி யாவும் பதிவாகும் இலாகா அது. ஒரு கிராமத்திற் பிறந்த குழந்தை பதிவுக்கு வராவிட்டால், ஆண்டறிக்கையின் மொத்தத் தொகையும் பிழைத்துவிடும். அட்டவணையின் மேல் ஒரு கூற்றைக் கட்டுமுன் அதன் அடியிலுள்ள பதிவு உறுதியாயிருக்க வேண்டுமென்பது கண்டு, இலாகாவையே அவர் சீர்திருத்தி அமைத்தார். நன்றி பெறாத வேலை. எனினும் பிற்காலத்தில் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் அதுவே அத்திவாரம்.

1901ஆம் ஆண்டு மார்ச்சு முதலாந் திகதி எடுக்கப்பட்ட குடிசன மதிப்பு அவர் பொறுப்பில் நடைபெற்றது. இலங்கையின் சனத்தொகை 3,565,954 எனக் கண்டது அம்மதிப்பே. தென்னாபிரிக்க யுத்தத்திற் சிறைப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்ட போயர் பல்லாயிரவர் அக்காலத்தில் இந்நாட்டிலிருந்தனர். அவர்களும் இராணுவத்தினரும் கப்பல்களில் இருந்தோரும் தனியே எண்ணப்பட்டனர். சேர்த்து எழுதியிருந்தால் தொகை பெரிதாகத் தோன்றியிருக்கும், ஆனால் நாட்டு மக்களின் தொகையாக இருந்திராது.

இனி, அந்த எண்ணை முந்திய எண்களோடு வைத்துப் பார்ப்போம். 1881இல் 2,759,738. 1891இல் 3,007,789. முதற் பத்தாண்டிற் பெருகியவர் ஏறக்குறைய 248,000 பேர். அடுத்த பத்தாண்டிலோ 558,000 பேர். வளர்ச்சி வீதம் 9இலிருந்து 18.6 ஆக ஏறிவிட்டது. அவசரக்காரன் கையில் இவ்வட்டவணை அகப்பட்டால், இலங்கையர் இருமடங்கு பிள்ளை பெறத் தொடங்கிவிட்டனர் என்று எழுதிவிடுவான். (எமது விவாத மேடைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு என்று வாய்க்கு வந்தபடி முழங்கும் நண்பர்களை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.)

அருணாசலம் வகித்த இரு பதவிகளும் ஒன்றுக்கொன்று உதவியது இவ்விடத்திலேதான். பிறப்புத் தொகையிலிருந்து இறப்புத் தொகையைக் கழித்தால் இயற்கையான பெருக்கம் வரும். அதனை மொத்தப் பெருக்கத்திலிருந்து கழித்தால் எஞ்சுவது வெளியிலிருந்து வந்து தங்கியவர் தொகை. இவ்வாறு கழித்துப் பார்க்கையில், 1891க்கும் 1901க்கும் இடைப்பட்ட பெருக்கத்திற் பாதிக்கும் மேற்பட்டது குடிவரவினால் வந்ததென்று தெரியவருகிறது. காரணமும் அருகிலேயே உண்டு. இலைநோயினால் கோப்பித் தோட்டங்கள் அழிந்த காலம் முந்திய பத்தாண்டு. தேயிலை மலைநாட்டை மூடிய காலம் பிந்தியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரே அந்த எண்ணுக்குள் இருந்தவர்கள். ஓர் அட்டவணை தனியே சொல்லாததை இரண்டு அட்டவணைகள் சேர்ந்து சொல்லின.

அவ்வெண்களுக்குள் இருந்த மக்களை அவர் மறந்தாரல்லர். 1913இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சேர் பட்டமும் பெற்றபின், 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும் 1919இல் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தையும் நிறுவினார். வேலையை விட்டு விலகிய தொழிலாளியைக் குற்றவாளியாகச் சிறையிலிடும் சட்டத்துக்கு எதிராக அச்சங்கம் பாடுபட்டது.

எழுத்தறிவு அட்டவணையும் அவ்வாறே சுட்டது. 1901இல் இந்நாட்டுப் பெண்களில் எழுத வாசிக்கத் தெரிந்தவர் பத்துக்கு ஒருவரேனும் இல்லை. ஆண்களிலும் பாதிப் பேர் இல்லை. கைக்குழந்தையையும் சேர்த்து வகுத்தால் ஒரு வீதமும், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் கொண்டு வகுத்தால் வேறொரு வீதமும் வரும் என்பதை வாசகர் மறக்கலாகாது. எப்படி வகுத்தாலும் நிலைமை தாழ்ந்ததே. 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தோற்றுவிக்க முன்னின்றவர் அருணாசலமே.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. மக்களை இனவாரியாகவும் மதவாரியாகவும் பிரித்துக் காட்டிய அட்டவணைகளே பின்னர்ச் சட்டநிரூபண சபை ஆசனங்களுக்கான வழக்காட்டிற்குக் கருவியாயின. எத்தனை பேர் என்று எண் சொல்லும். அவர்களுக்கு எத்தனை ஆசனம் நீதி என்று அது சொல்லாது. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகிச் சகல இனத்தாரையும் ஒரு மேடையில் நிறுத்திய அவர், மேல்மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று முன்னர் அளிக்கப்பட்ட வாக்கு நிறைவேறாததால் மனம் நொந்து காங்கிரசை விட்டு விலகினார். மேல்மாகாணத் தமிழர் என்றால் வேறு யார்? கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த எமது பாட்டன்மார்தாம். நாட்டு மக்கள் அனைவரையும் எண்ணிய மனிதர், ஒரே ஓர் ஆசனத்தின் பொருட்டுப் பிரிய நேர்ந்ததை எண்ணும்போது எமக்கு இன்றும் வருத்தமே.

1923இல் அவர் தமிழர் சங்கத்தை நிறுவினார். தென்னாட்டுத் தல யாத்திரை சென்றிருந்தபோது, 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி மதுரையில் உயிர் நீத்தார். அவர் கேட்ட பல்கலைக்கழகத்தின் முதற்படியாகிய பல்கலைக் கல்லூரி 1921இல் திறக்கப்பட்டதை அவர் உயிரோடிருந்து கண்டார். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் அமைந்தபோது அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.