கோல் போட வந்தவர், கோலைக் காத்தவர்: பீட்டர் தங்கராஜ்

பெரிய கால்பந்துக் கிளப்புகள், ஆட வாய்ப்பில்லாத இளம் வீரர்களை வேறு கிளப்புக்கு இரவலாக அனுப்புவது உண்டு. வெளியே உட்கார்ந்து மனம் சோர்வதை விட, வேற்றூரில் ஆடித் தேறட்டும் என்பது எண்ணம். 1950-களில் நம் நாட்டில் அந்த வேலையைச் செய்தது ராணுவம்.

அப்படித் தேறியவர்தான் பீட்டர் தங்கராஜ். 1935 டிசம்பர் 24-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் கிளப்புகளில் ஆடிப் பழகினார். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். ஹெப்பகோடி ஆலைகளுக்கு வேலை தேடி வரும் இளைஞர்களின் வயதுதான் அப்போது அவருக்கு. சேர்ந்த இடம் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர். அதன் தலைமையிடம் நீலகிரி மாவட்டம் வெலிங்டன்.

சென்டர் பார்வர்டாக ஆடிய அவர், அங்கே கோல் கீப்பராக மாறினார். இது சின்ன மாற்றம் அல்ல. முன்வரிசைக்காரர் நாலு பந்தைக் கோட்டை விட்டு ஒன்றை அடித்தாலும் கைதட்டல் கிடைக்கும். கீப்பர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் வசவுதான் மிஞ்சும். கோல் அடித்துப் பழகிய பையன் அதை ஏற்றுக்கொள்ள மனத்திடம் வேண்டும். ஆறடிக்கு மேல் உயரமும் நீண்ட கைகளும் அவருக்குத் துணை நின்றன.

பலன் உடனே தெரிந்தது. 1955-ல் அவரது அணி டுராண்ட் கோப்பையை வென்றது. அதே ஆண்டு டாக்காவில் இந்தியாவுக்காக ஆடினார். மறு ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியிலும் இருந்தார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்ற பெயர் கிடைத்தது. 1960-ல் ரோம் ஒலிம்பிக்.

ஜகார்த்தாவில் சோதனை

1962 ஆசியப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தங்கராஜ் ப்ளூ காய்ச்சலில் படுத்தார். அவர் இடத்தில் பிரத்யுத் பர்மன் ஆட, இந்தியா இறுதிப் போட்டிக்கு முன்னேறியது. தன் இடம் போயிற்று என்று எந்த வீரரும் கலங்கியிருப்பார்.

இறுதி ஆட்டத்தில் எதிரணி மறுபடியும் தென் கொரியா. பயிற்சியாளர் ரஹீம், காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜையே கோலில் நிறுத்தினார். துணிச்சலான முடிவு! இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை ஒரு இந்திய அதிகாரி கண்டித்திருந்ததால், மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே.பானர்ஜியும் ஜர்னெயில் சிங்கும் கோல் அடித்தார்கள். கொரியர்களால் ஒரு கோல்தான் போட முடிந்தது. 2-1. தங்கப் பதக்கம்.

கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். ஓய்வுக்குப் பிறகு அலிகார், கோவா என்று பயிற்சியாளராகச் சுற்றி, பொகாரோ உருக்காலையில் நிலைத்தார். 2008 நவம்பர் 24-ந் தேதி அங்கேயே காலமானார்.