ஏரிக்கரையில் பயின்ற வீரர்

நட் ராக்னி 1888-ஆம் ஆண்டு நார்வே நாட்டில் வாஸ் என்னும் ஊரில் பிறந்தார். ஐந்து வயதில் குடும்பத்துடன் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் குடியேறினார். கல்லூரிச் செலவுக்காக அஞ்சலகத்தில் வேலை செய்து பணம் சேர்த்தார். 1910-இல் நோட்டர் டாம் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 22! உடன் பயின்றோர் பலர் அவரினும் இளையவர்.

அமெரிக்கர் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தடுப்பவரை இடித்துக்கொண்டு ஓட வேண்டும். இதில் பலர் உயிரிழந்ததால், பந்தை முன்னோக்கி எறியலாம் என்று 1906-இல் விதியை மாற்றினர். ஆயினும் அதை நம்பி ஆடியவர் சிலரே.

1913 கோடை விடுமுறையில் ராக்னியும் தோழர் டோரேயும் ஈரி ஏரிக்கரையில் வேலைக்குச் சென்றனர். ஓய்வு நேரமெல்லாம் மணலில் டோரே பந்தை எறிவார், ராக்னி ஓடிக்கொண்டே பிடிப்பார். பார்த்தவர்கள் சிரித்திருக்கக்கூடும்!

அவ்வாண்டு ராக்னியே அணித்தலைவர். நவம்பர் 1-ஆம் நாள், அதுவரை தோல்வி காணாத வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியை அதன் சொந்த மைதானத்திலேயே சந்தித்தனர். இராணுவ வீரர்கள் இடித்துத் தள்ளக் காத்திருக்க, பந்தோ அவர்கள் தலைக்கு மேலே பறந்தது! ஏரிக்கரையில் பழகியபடியே ராக்னி பிடித்தார். 35–13 என்று வெற்றி. அவ்வாண்டின் ஏழு ஆட்டங்களிலும் நோட்டர் டாமே வென்றது. இராணுவ அணி அந்த ஓர் ஆட்டத்தில் மட்டுமே தோற்றது.

பின்னர் ராக்னி அங்கேயே வேதியியல் கற்பித்தார். 1918 முதல் தலைமைப் பயிற்சியாளராக 105 வெற்றிகள் கண்டார், தோல்வியோ 12 மட்டுமே. 1925-இல் கத்தோலிக்கரானார். 1931 மார்ச் 31 அன்று கான்சஸ் மாநிலத்தில் விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 43.