அமைச்சர் போன் செய்தும் அசராத இசை நடத்துநர்... யார் இந்த கிரில் கோண்ட்ராஷின்?

1962 டிசம்பர் 18. மாஸ்கோவில் ஷோஸ்டகோவிச்சின் 13-வது சிம்பொனி முதன்முறையாக அரங்கேற வேண்டிய நாள். கீவ் நகரின் பாபி யாரில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததையும், சோவியத் மண்ணில் நிலவிய யூத வெறுப்பையும் பேசும் படைப்பு அது. அரசுக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக அவரது சிம்பொனிகளை அரங்கேற்றும் ம்ராவின்ஸ்கி ஒதுங்கிக்கொண்டார். பாட வேண்டியவரும் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்.

ஒத்திகைக்கு நடுவே அமைச்சரிடமிருந்து போன். முதல் பகுதியை விட்டுவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் நடத்துநர் கோண்ட்ராஷின். மாற்றுப் பாடகரை வைத்து முழுசாக நடத்திக் காட்டினார்.

1914 மார்ச் 6-ல் மாஸ்கோவில் இசைக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். 1943 முதல் 1956 வரை போல்ஷோய் தியேட்டரில் பணி. 1958-ல் முதல் சாய்கோவ்ஸ்கி போட்டியில் அமெரிக்கரான வான் கிளைபர்ன் பியானோவில் வென்றபோது இசைக்குழுவை நடத்தியது இவர்தான். பனிப்போர் உச்சத்தில் இருந்த அதே ஆண்டு, அமெரிக்காவுக்கும் போய் அவருடன் மேடையேறினார். 1960 முதல் 1975 வரை மாஸ்கோ பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநர்.

1978 டிசம்பரில் கச்சேரிக்காக நெதர்லாந்து போனவர், நாடு திரும்பவில்லை. அங்கேயே அடைக்கலம் கேட்டார். அப்போது வயது 64. ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற கான்செர்ட்கெபா இசைக்குழு அவரை அரவணைத்தது.

ஆனால் காலம் அதிகம் கொடுக்கவில்லை. 1981 மார்ச் 7-ல் ஆம்ஸ்டர்டாமில் மாலரின் முதல் சிம்பொனியை நடத்தினார். அன்றிரவே மாரடைப்பில் உயிர் பிரிந்தது. 67 வயது நிறைவடைந்து ஒரே நாள்தான் ஆகியிருந்தது.