இத்தாலியின் முதல் பெண் டைரக்டர்

சினிமா டைரக்டர்னு சொன்னா ஆம்பளைங்க பேருதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடியே இத்தாலியில் ஒரு பெண் படம் எடுத்திருக்காங்க. அவர் பெயர் எல்விரா நோத்தாரி.

1875-ல் சலேர்னோ என்ற ஊரில் பிறந்தார். நேப்பிள்ஸ் நகரத்துக்கு வந்து, 1902-ல் நிக்கோலாவைத் திருமணம் செய்தார். இருவரும் சேர்ந்து படக்கம்பெனி தொடங்கினார்கள். மகள் பெயரையே வைத்து 'டோரா ஃபிலிம்' என்றார்கள். கதையும் டைரக்‌ஷனும் எல்விரா, கேமரா கணவர், நடிப்பு மகன் எடுவார்டோ. குடும்பமே கம்பெனி!

அது ஊமைப்படக் காலம். படச்சுருளுக்குக் கையாலேயே கலர் கொடுத்தார்கள். படம் ஓடும்போது தியேட்டரில் ஆள் நின்று பாட்டுப் பாடுவார்கள். ராஜா ராணி கதை இல்லை. நேப்பிள்ஸ் தெருவில் இறங்கி ஏழை ஜனங்கள் கஷ்டத்தை எடுத்தார். பிழைக்கப் போன இத்தாலிக்காரர்கள் நியூயார்க்கிலும் பார்த்து ரசித்தார்கள்.

முசோலினி ஆட்சிக்கு இது பிடிக்கவில்லை. வறுமையைக் காட்டக்கூடாது, ஊர்ப்பேச்சும் கூடாது என்று தணிக்கையில் கெடுபிடி. பேசும் படமும் வந்துவிட்டது. 1930-ல் படம் எடுப்பது நின்றது. 1946-ல் எல்விரா காலமானார்.

சுமார் 60 பெரிய படங்கள் எடுத்தவர். இன்று மிஞ்சியிருப்பதை விரல்விட்டு எண்ணிடலாம். அவர் செய்த வேலைக்கும் ரொம்ப நாள் கணவர் பேரைத்தான் சொன்னாங்க. தோழிகளே, உழைப்பது மட்டும் போதாது. செய்த வேலையில் நம்ம பேரும் இருக்கணும்!

– 9-ஆம் வகுப்பு மாணவி