துடைப்பத்தால் எழுதிய நுழைவுத் தேர்வு



நுழைவுத் தேர்வு என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? ஹால் டிக்கெட், சீவி வைத்த பென்சில், மணி அடிப்பதற்கு முன் வயிற்றைப் பிசையும் பயம். நான் சொல்லப்போகும் மனிதர் எழுதிய நுழைவுத் தேர்வில் கேள்வித்தாளும் கிடையாது, விடைத்தாளும் கிடையாது. ஒரு அறை, ஒரு துடைப்பம், தூசி துடைக்க ஒரு துணி. அவ்வளவுதான். வருடம் 1872. இடம், அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன். மாணவனுக்கு வயது 16. பெயர் புக்கர் டி. வாஷிங்டன்.

இந்தச் சம்பவத்தை ஹாஸ்டலில் இருந்தபோது முதன்முதலாகப் படித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அடிமையாகப் பிறந்த பையன், படிக்க வேண்டும் என்று அலைந்து திரிந்து வந்து நிற்கிறான். அவன் கையில் துடைப்பத்தைக் கொடுப்பதா? ஆனால் முழு வாழ்க்கையையும் படித்து முடித்தபோது அந்தக் கோபம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

புக்கர் 1856-ல் வர்ஜீனியாவின் ஹேல்ஸ் ஃபோர்டு என்ற ஊருக்கு அருகே ஒரு புகையிலைப் பண்ணையில் பிறந்தார். தாய் ஜேன் அந்தப் பண்ணையின் சமையல்காரி. சமையல் குடிசைதான் வீடு, மண் தரையில் விரித்த கந்தல்தான் படுக்கை. தந்தை யாரோ ஒரு வெள்ளைக்காரர். அவர் யார் என்று புக்கருக்குக் கடைசிவரை தெரியாது. அடிமைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பது அந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம். எஜமானர் வீட்டுப் பெண்ணின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூட வாசல்வரை போவான் சிறுவன் புக்கர். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். அந்த அறை அவனுக்குச் சொர்க்கம் மாதிரித் தெரிந்தது.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மால்டன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே உப்புக் காய்ச்சும் உலைகளில் மாற்றாந்தந்தைக்கு வேலை. பையனையும் உலைக்கு அனுப்பிவிட்டார். உப்புப் பீப்பாய்களில் அவருக்கென்று ஒதுக்கிய எண் 18. தினமும் பார்த்துப் பார்த்து அந்த எண்ணைத்தான் புக்கர் முதலில் படிக்கக் கற்றான். வேறு எழுத்து எதுவும் தெரியாது. அம்மாவிடம் ஒரு புத்தகம் வேண்டும் என்று நச்சரித்தான். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய், எங்கிருந்தோ ஒரு பழைய எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தை வாங்கி வந்து கொடுத்தாள். சொல்லிக் கொடுக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. தானே தட்டுத்தடுமாறி எழுத்துகளைப் பிடித்தான்.

பிறகு ஊரில் பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் பையன் சம்பாதிக்கும் காசை விட மாற்றாந்தந்தைக்கு மனசில்லை. முதலில் இரவுப் பாடம். அப்புறம் ஒரு ஒப்பந்தம்: விடியற்காலையிலிருந்து காலை 9 மணிவரை உலையில் வேலை, பிறகு பள்ளி, பள்ளி விட்டதும் மறுபடி இரண்டு மணி நேரம் வேலை. இதில் ஒரு சிக்கல். பள்ளி ஆரம்பிப்பதும் 9 மணிக்கே. நடந்து போய்ச் சேர்வதற்குள் பாடம் தொடங்கிவிடும். பையன் என்ன செய்தான் தெரியுமா? உலை அலுவலகத்துக் கடிகார முள்ளை எட்டரையிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளி வைத்தான்! நூறு பேருக்கு மேல் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள். சில நாளில் மேலாளர் கண்டுபிடித்து, கடிகாரத்தைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். தான் இப்படிச் செய்ததைப் பின்னாளில் அவரே தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறவி மகான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நம்மைப் போல ஒரு பையன்தான்.

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் தொப்பி போட்டிருந்தார்கள். கடையில் வாங்கக் காசில்லை. கடன் வாங்கிப் பகட்டுக் காட்ட அம்மாவுக்கு இஷ்டமில்லை. வீட்டில் கிடந்த இரண்டு முரட்டுத் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். அந்தத் தொப்பியைப் பற்றி அவருக்குக் கடைசிவரை பெருமை. பெயர் கூப்பிடும்போது எல்லோருக்கும் இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்தான். இவனுக்கோ வெறும் புக்கர்தான். தன் முறை வந்ததும் கொஞ்சமும் தயங்காமல் புக்கர் வாஷிங்டன் என்று சொல்லிவிட்டான். இப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

அடுத்து நிலக்கரிச் சுரங்கம். அங்கே ஒருநாள் இருட்டில் இரண்டு தொழிலாளிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கறுப்பின மாணவர்களுக்காக வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் என்று ஒரு பெரிய பள்ளி இருக்கிறதாம், கையில் காசு இல்லாதவர்கள் வேலை செய்தே படிக்கலாமாம். ஜெனரல் சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் 1868-ல் தொடங்கிய பள்ளி அது. உயர்நிலைக் கல்வியும் ஆசிரியர் பயிற்சியும் தொழிலும் சேர்ந்த இடம். அது எந்தத் திசையில் இருக்கிறது, எவ்வளவு தூரம் என்றுகூடப் பையனுக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

அதற்கு அவன் செய்த முன்தயாரிப்பு என்ன? இங்கேதான் விஷயமே இருக்கிறது. உப்பு உலைக்கும் சுரங்கத்துக்கும் சொந்தக்காரரான ஜெனரல் லூயிஸ் ரஃப்னர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தான். மாதம் 5 டாலர் சம்பளம். வீட்டம்மா வயோலா ரஃப்னர் மகா கண்டிப்பானவர் என்று ஊரெல்லாம் பேச்சு. எந்தப் பையனும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாக்குப் பிடித்ததில்லை. புக்கரும் நடுங்கிக்கொண்டுதான் போனான். ஆனால் கொஞ்ச நாளிலேயே அந்த அம்மாளுக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொண்டான். எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். சொன்ன நேரத்தில் நடக்க வேண்டும். ஒளிவுமறைவு கூடாது. வேலியில் ஒரு பலகை கழன்றிருந்தாலும் உடனே சரி செய்ய வேண்டும். அவ்வளவுதான்!

பயம் போய் மரியாதை வந்தது. மரியாதை இரண்டு பக்கமும் வளர்ந்தது. அந்த அம்மாளும் குளிர்காலத்தில் சில மாதங்கள் பகலில் ஒரு மணி நேரம் பள்ளிக்குப் போக அனுமதித்தார், இரவில் படிப்பதை ஊக்குவித்தார். ஒரு மரப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தட்டி எடுத்துவிட்டு, உள்ளே தட்டு அடித்து, கிடைத்த புத்தகங்களை எல்லாம் அடுக்கி வைத்து அதைத் தன் நூலகம் என்று சொல்லிக்கொண்டான் பையன்.

1872 இலையுதிர் காலத்தில் புறப்பட்டான். தூரம் சுமார் 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர். அண்ணன் ஜான் தன்னால் ஆனதைக் கொடுத்தான். அடிமை வாழ்விலேயே வயதாகிப்போன ஊர்ப் பெரியவர்கள் ஒருவர் ஐந்து சென்ட், ஒருவர் கால் டாலர், ஒருவர் கைக்குட்டை என்று கொடுத்தார்கள். தங்கள் இனத்துப் பையன் ஒருவன் வெளியூர்ப் பள்ளிக்குப் போவதைக் கண்ணால் பார்ப்போம் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

கொஞ்ச தூரத்திலேயே காசு போதாது என்று தெரிந்துவிட்டது. ஒரு மலைப்பகுதி விடுதியில், கறுப்பன் என்பதால் இடம் தர மறுத்தார்கள். குளிர் தாங்காமல் இரவு முழுக்க நடந்துகொண்டே இருந்தான். நடந்தும், வண்டிக்காரர்களைக் கெஞ்சி ஏறியும் ரிச்மண்ட் நகருக்கு வந்து சேர்ந்தபோது பையில் ஒரு காசு இல்லை. ஹாம்ப்டனுக்கு இன்னும் 82 மைல். பலகை போட்ட நடைபாதைக்கு அடியில் நுழைந்து, துணிப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். தலைக்கு மேலே இரவெல்லாம் காலடிச் சத்தம். காலையில் பக்கத்தில் நின்ற கப்பலில் இரும்புக் கட்டிகளை இறக்கும் வேலை கேட்டு வாங்கினான். பல நாள் வேலை செய்தும், காசு மிச்சம் பிடிப்பதற்காகத் தினமும் அதே பலகைக்கு அடியில்தான் தூங்கினான். ஹாம்ப்டனில் கால் வைத்தபோது கையிருப்பு சரியாக 50 சென்ட்.

இப்போது அந்த நுழைவுத் தேர்வு. தலைமை ஆசிரியை மேரி மேக்கி அவனைப் பார்த்தார். குளித்து எத்தனை நாளோ, உடை அழுக்கு, பார்வைக்கு ஊர் சுற்றி மாதிரி இருக்கிறான். சேர்க்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கண் முன்னாலேயே மற்றவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். பையன் கத்தவில்லை, கண்ணீர் விடவில்லை, திரும்பியும் போகவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதுவரைக்கும் நல்லதுதான் என்று அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றான். பல மணி நேரம் கழித்து அந்த அம்மையார், பக்கத்து வகுப்பறையைப் பெருக்கும்படி சொன்னார்.

ரஃப்னர் வீட்டில் பழகிய கை. அறையை மூன்று தடவை பெருக்கினான். நான்கு தடவை தூசி துடைத்தான். மேஜை, பெஞ்சு, சுவரோரத்து மரவேலை, மூலை முடுக்கு, அலமாரி, எதையும் விடவில்லை. மேக்கி அம்மையார் வந்து தரையைப் பார்த்தார், அலமாரிகளைப் பார்த்தார், தம் கைக்குட்டையை எடுத்து மரத்தின் மேல் தேய்த்துப் பார்த்தார். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அட்மிஷன் கிடைத்தது. கூடவே பள்ளியைப் பராமரிக்கும் வேலையும் கிடைத்தது; சாப்பாட்டுச் செலவுக்கு அது உதவியது. விடிகாலை 4 மணிக்கு எழுந்து அறைகளுக்குக் கணப்பு மூட்டிவிட்டுப் பாடம் படிப்பான். கட்டிலில் இரண்டு விரிப்பு எதற்கு என்று புரியாமல் முதல் நாள் இரண்டுக்கும் அடியில் படுத்தான், இரண்டாம் நாள் இரண்டுக்கும் மேலே படுத்தான், மூன்றாம் நாள் மற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். தெரியாததைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் அவனுக்கு வெட்கமே இல்லை.

சரி, என் கோபம் எப்படித் தீர்ந்தது? இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது தாய் ஜேன் இறந்துவிட்டார். அந்தத் துயரத்தில் இருந்தவனுக்கு மேக்கி அம்மையாரிடமிருந்து கடிதம். பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே வந்து கட்டடத்தைச் சுத்தம் செய்ய உதவ வேண்டும் என்று. போய்ப் பார்த்தால், வட மாநிலத்தின் பழமையான, படித்த குடும்பத்தில் பிறந்த அந்த ஆசிரியை, அவனோடு சேர்ந்து தாமும் ஜன்னல் கண்ணாடி கழுவுகிறார், அறைகளில் தூசி தட்டுகிறார், படுக்கை போடுகிறார்! இரண்டு வாரமும் அப்படியே. அவன் கையில் கொடுத்த துடைப்பத்தைத் தானும் பிடிக்கக் கூச்சப்படாதவர் அவர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த அம்மையார் உட்கார்ந்துகொண்டு வேலை வாங்குபவராக இருந்திருந்தால் என் கோபம் இன்றும் நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

1875-ல் புக்கர் ஹாம்ப்டனில் தேறி வெளியே வந்தார். 1881 ஜூலை 4-ம் தேதி அலபாமாவில் டஸ்கேகி பள்ளியை 30 மாணவர்களோடு தொடங்கினார். ஒழுகும் கொட்டகை, மழை வந்தால் ஒரு மாணவன் ஆசிரியருக்குக் குடை பிடிப்பான். நிலத்தைத் திருத்த வேண்டும் என்றதும் மாணவர்கள் முகம் சுளித்தார்கள். படிக்க வந்தவர்களுக்குக் காட்டு வேலையா என்று. முதலில் கோடரியைத் தூக்கியவர் புக்கர்தான். அப்புறம் அவர்களும் பின்னால் வந்தார்கள்.

நம்மைப் போன்ற பொறியாளர்களுக்குப் பிடித்த பகுதி செங்கல் சூளை. கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும், சுட யாருக்கும் தெரியாது. 25,000 கற்களோடு மூட்டிய முதல் சூளை தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவது முடியும் தறுவாயில் சரிந்து விழுந்தது. ஆசிரியர்களே விட்டுவிடலாம் என்றார்கள். காசும் இல்லை. தம் கடிகாரத்தை மான்ட்கோமரி நகரில் 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையை மூட்டினார். கற்கள் நன்றாக வெந்து வந்தன. கடிகாரத்தை மீட்கவே முடியவில்லை. அதற்காக அவர் வருந்தவும் இல்லை. அன்று உலையில் முள்ளைத் தள்ளிய பையன், இப்போது கடிகாரத்தையே கொடுத்துவிட்டார்!

1896-ல் ஹார்வர்டு அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. 1915 நவம்பர் 14-ல் காலமானார். அவருடைய வழியை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாக்குரிமையையும் சம உரிமையையும் பிறகு பார்க்கலாம், முதலில் தொழில் என்ற மாதிரி அவர் 1895-ல் அட்லாண்டாவில் பேசியதை டபிள்யூ.இ.பி. டூ பாய்ஸ் 1903-ல் கடுமையாக விமரிசித்தார். அந்த விமரிசனத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கான வழக்குகளுக்கு அவர் ரகசியமாகப் பணம் கொடுத்தது பின்னாளில் அவருடைய கடிதங்களிலிருந்து தெரியவந்தது. பொறுமை வேறு, அநியாயத்துக்குத் தலை வணங்குவது வேறு. அந்தக் கோட்டை அவர் எங்கே போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது.

தம்பி தங்கைகளே, மேல்படிப்புக்குத் தயாராவது என்றால் புத்தகத்தைக் கரைத்துக் குடிப்பது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். யாரும் பார்க்காத வீட்டில், சின்ன வேலையைக்கூட முழுசாகச் செய்து பழகுவதும் தயாரிப்புதான். தேர்வு எந்த உருவத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

சீனியர்களே, நமக்கும் ஒன்று உண்டு. இந்தச் சந்திப்புக்காக ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும் ஜூனியர்களைப் பார்த்தால், முன்வரிசையில் போய் உட்கார்வதற்கு முன் நாமும் ஒரு பத்து நாற்காலி தூக்கிப் போடுவோமே!